எழும்பூர் குளிர்கால உடைக் கடை: ஒரு முழுக் குளிர்காலத்துக்குப் பிறகு எழுதும் மதிப்புரை

கடந்த ஆண்டு ஆகஸ்ட் மாதம், பின்லாந்தின் ஓலு நகரத்தில் என் கணவருக்கு வேலை உறுதியாகி, ஏழு வயது மகளுடன் நாங்கள் மூவரும் புறப்பட மூன்று வாரங்களே இருந்தபோது, எழும்பூரில் பாந்தியன் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தின் முதல் மாடியில் இயங்கும் இந்தக் கடைக்கு உறவினர் ஒருவர் எங்களை அனுப்பி வைத்தார். வாங்கி வந்த அன்றே ஐந்து நட்சத்திரம் கொடுத்துவிடலாம் என்றுதான் இருந்தது. அவ்வளவு பொறுமையாகக் கவனித்தார்கள். ஆனால் கம்பளி உடையின் தரத்தைச் சென்னை வெயிலில் நின்றுகொண்டு சொல்வது முறையாகாது என்பதால், ஒரு குளிர்காலம் முழுவதும் உடுத்திப் பார்த்துவிட்டு, விடுமுறைக்கு ஊருக்கு வந்திருக்கும் இந்த ஜூன் மாதத்தில் எழுதுகிறேன்.

சென்னை 13 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. ஓலு 65 டிகிரியில், ஆர்க்டிக் வட்டத்துக்குச் சற்றுத் தெற்கே, போத்னியா வளைகுடாவின் கரையில் இருக்கிறது. நுங்கம்பாக்கத்தில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 13.9 டிகிரி செல்சியஸ்தான். ஓலுவில் ஜனவரி மாதத்து ஒரு காலையில் மகளைப் பள்ளிக்கு அழைத்துப் போனபோது வெப்பமானி மைனஸ் 27 காட்டியது. நவம்பரில் விழுந்த பனி ஏப்ரல் வரை தரையை விட்டு நீங்கவில்லை. கடலே உறைந்து, அதன்மேல் மக்கள் நடந்து போனார்கள். இப்படிப்பட்ட குளிரைச் சென்னையில் விற்பவராலும் சோதித்துப் பார்க்க முடியாது, வாங்குபவராலும் முடியாது. ஆகவே இங்கே எதை நம்பி வாங்கலாம், எதை அங்கே போய்ச் சேர்ந்த பிறகு வாங்க வேண்டும் என்று பிரித்துச் சொல்வதுதான் அடுத்துப் போகிறவர்களுக்கு உதவும் என்று நினைக்கிறேன்.

கடையை நடத்தும் பெரியவரை வருகிறவர்கள் எல்லோரும் ‘பாய்’ என்றே அழைக்கிறார்கள். உள்ளே நுழைந்ததும் அவர் அளவு கேட்கவில்லை, “எந்த ஊரும்மா, எத்தனை மாசம்?” என்றுதான் கேட்டார். கேதார்நாத், அமர்நாத் யாத்திரை போகிறவர்களும், மணாலிக்குச் சுற்றுலா போகிறவர்களும், கப்பலில் வேலை செய்கிறவர்களும், வெளிநாட்டில் படிக்கப் போகும் பிள்ளைகளும்தான் இந்தக் கடையின் வாடிக்கையாளர்கள். சரக்கில் பெரும்பகுதி லூதியானாவிலிருந்து வருகிறது. நாங்கள் போய் வாழப் போகிறோம் என்றதும், “பத்து நாள் டூருக்கு எடுக்கிறது வேற, குடித்தனம் பண்ணப் போறதுக்கு எடுக்கிறது வேறம்மா” என்று சொல்லி, அலமாரியில் முன்வரிசையில் அடுக்கியிருந்ததை எல்லாம் ஒதுக்கிவிட்டுப் பின்னாலிருந்து எடுத்துக் காட்டினார். உடுத்திப் பார்க்கும் அறையின் ஏசியைப் பதினெட்டில் வைத்து, அறை குளிர்ந்த பிறகே எங்களை உள்ளே அனுப்பினார். வேர்த்து வழிகிற உடம்போடு கம்பளியைப் போட்டால் யாருக்குமே அளவு தெரியாது என்பது அவர் சொன்ன காரணம், அது உண்மை.

இந்தக் கடையில் கண்ணை மூடிக்கொண்டு வாங்கக்கூடியது உள்ளே போடும் தெர்மல்தான். இரண்டு வகை வைத்திருக்கிறார்கள். பாலியஸ்டர் வகை ஒரு செட் 1,100 ரூபாய். மெரினோ கம்பளி வகை ஒரு செட் 4,200 ரூபாய். விலை வித்தியாசத்தைப் பார்த்து நான் தயங்கியபோது, தினமும் உடுத்துவதற்கு ஆளுக்கு ஒரு மெரினோ செட், மாற்றுக்கு ஒரு பாலியஸ்டர் செட் என்று அவரே கணக்குப் போட்டுக் கொடுத்தார். கம்பளி இழை தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உறிஞ்சிக்கொண்டாலும் தோலுக்கு ஈரமாகத் தெரியாது. வாடையும் எளிதில் பிடிக்காது. பாலியஸ்டர் விரைவில் உலர்ந்துவிடும், ஆனால் இரண்டாம் நாளே துவைத்தாக வேண்டும். அதைவிட அவர் சொன்ன இன்னொரு விஷயம்தான் எங்களை உண்மையில் காப்பாற்றியது. தெர்மலுக்குள்ளே பருத்தி பனியன் போடக் கூடாது என்றார். என் கணவருக்கு அது கொஞ்சமும் ஒப்பவில்லை. பிறந்தது முதல் பனியன் போட்டு வளர்ந்தவர். ஓலுவுக்குப் போன முதல் பனிக்காலத்தில் பிடிவாதமாகப் போட்டுக்கொண்டு, பேருந்தைப் பிடிக்க ஓடி, வேர்த்து, பிறகு நிறுத்தத்தில் பத்து நிமிடம் நின்ற ஒரே நாளில் அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டார். பருத்தி குடித்த வியர்வை உடம்பிலேயே தங்கிக் குளிர்ந்து, முதுகில் ஈரத்துணியைப் போர்த்தியதுபோல் இருந்தது என்றார்.

ஜெர்கின் விஷயத்தில் என் கருத்து அவ்வளவு முழுமையான பாராட்டாக இல்லை. இறகு அடைத்தது, செயற்கைப் பஞ்சு அடைத்தது என்று இரண்டு வகை இருந்தன. அவர் பஞ்சு வகையையே பரிந்துரைத்தார். இறகு நனைந்தால் உப்பல் போய்ச் சப்பையாகிச் சூட்டை இழந்துவிடும் என்பது அவர் சொன்ன காரணம். சுழியத்தை ஒட்டி மழையும் பனியுமாகக் கலந்து கொட்டிய அக்டோபர் கடைசியிலும் ஏப்ரலிலும் அவர் சொன்னது முற்றிலும் சரியாக இருந்தது. மைனஸ் இருபதுக்குக் கீழே போன வாரங்களில் அதற்குள் தடித்த ஸ்வெட்டர் ஒன்றும் தேவைப்பட்டது. அதுகூடக் குறையில்லை, அங்கே எல்லோரும் அடுக்கடுக்காகத்தான் உடுத்துகிறார்கள். குறை என்று சொல்வதானால் நீளம். இடுப்போடு நின்றுவிடும் ஜெர்கினில், பேருந்துக்காகக் காத்திருக்கும்போது தொடைகள் விறைத்துப் போகின்றன. தொடை வரை இறங்கும் அளவு பெண்களுக்கு இந்தக் கடையில் இல்லை. ஜிப்பின் நுனியும் மிகச் சிறியது. தடித்த கையுறையோடு அதைப் பிடிக்க முடியாமல், கையுறையைக் கழற்றினால் ஒரு நிமிடத்தில் விரல் மரத்துப்போகும். மகளின் தலைமுடி ரிப்பனை ஒவ்வொரு ஜிப்பிலும் கட்டிய பிறகுதான் அந்தத் தொல்லை தீர்ந்தது. நீங்கள் வாங்கினால் அங்கேயே ஒரு நாடாவைக் கட்டித் தரச் சொல்லுங்கள்.

பூட்ஸை மட்டும் இங்கே வாங்காதீர்கள். இதை வருத்தத்தோடுதான் எழுதுகிறேன், ஏனென்றால் மற்ற எல்லாவற்றிலும் அவ்வளவு அறிவோடு பேசிய கடை இது. 3,600 ரூபாய்க்கு நான் வாங்கிய பூட்ஸ் பார்ப்பதற்கு நன்றாக இருந்தது. உள்ளே புசுபுசுவென்று பஞ்சு, வெளியே பளபளப்பான செயற்கைத் தோல், அடியில் ஆழமான வரிகள். நவம்பர் மாதம், விழுந்த பனி பகலில் சற்று உருகி இரவில் மறுபடி உறைந்து நடைபாதை முழுவதும் கண்ணாடியாகியிருந்த ஒரு காலையில், வீட்டிலிருந்து இருபதடி போவதற்குள் நான் மல்லாந்து விழுந்தேன். வலது மணிக்கட்டு சுளுக்கிக்கொண்டு பத்து நாட்கள் கரண்டி பிடிக்க முடியவில்லை. அடிப்பாகத்தின் வரிகள் எவ்வளவு ஆழமாக இருந்தாலும், அந்தப் பொருள் குளிரில் இறுகிக் கட்டையாகிவிட்டால் பனிக்கட்டியைப் பற்றாது. கார்களுக்குக் குளிர்காலத்தில் தனி டயர் மாட்டுவதும் இதே காரணத்தால்தான். அந்த ரப்பர் குளிரிலும் இளகியே இருக்கும்படி செய்யப்படுகிறது. டிசம்பரில் பெருவிரல் மடியும் இடத்தில் செயற்கைத் தோலும் வெடித்துவிட்டது.

இன்னொரு தவறு அளவில் நடந்தது. அதில் எனக்கும் பங்கு உண்டு. சென்னையில் செருப்பு வாங்குவதுபோல் காலைக் கவ்விப் பிடிக்கும் அளவாகப் பார்த்து எடுத்தேன். இரண்டு காலுறைகளைத் திணித்ததும் விரல் அசைக்க இடமில்லை. சூட்டைத் தாங்குவது கம்பளிக்கு நடுவே நிற்கும் காற்றுதான். அதற்கு இடமே விடாமல் இறுக்கினால் எத்தனை காலுறை போட்டாலும் விரல் மரத்துப்போகும். கடைக்காரர்கள் இதை அன்றே சொல்லியிருக்க வேண்டும். பிறகு ஓலுவிலேயே, உள்ளுறையைத் தனியாகக் கழற்றி உலர்த்தக்கூடிய, ஒரு அளவு பெரிய பூட்ஸும், அதன்மேல் மாட்டிக்கொள்ளும் ஆணி வைத்த ரப்பர் பட்டையும் வாங்கினேன். அங்கே முதியவர்கள் பெரும்பாலும் அந்தப் பட்டை இல்லாமல் வெளியே வருவதில்லை. நகராட்சி நடைபாதைகளில் தூவும் சரளைக்கல்லும் பெரிய உதவி, ஆனால் அதை நம்பி மட்டும் நடக்க முடியாது.

குழந்தை உடுப்புகளைப் பொறுத்தவரை கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. அங்கே பள்ளிப் பிள்ளைகளைப் பனி கொட்டினாலும் இடைவேளைக்கு வெளியே அனுப்பிவிடுகிறார்கள். பிள்ளைகளும் பனியில் உட்கார்ந்து, புரண்டு, சறுக்கித்தான் விளையாடுகிறார்கள். ஆகவே குழந்தையின் உடுப்புக்குச் சூட்டைவிட முதலில் வேண்டியது ஈரம் புகாமை. இந்தக் கடையில் வாங்கிய கழுத்திலிருந்து கணுக்கால் வரை ஒரே உடுப்பாக வரும் பனியுடை, துணியளவில் நன்றாகவே தாங்கியது. ஆனால் கால் நுனியில், பூட்ஸின் அடியில் மாட்டிக்கொள்ளும் மீள்பட்டை அதில் இல்லை. குழந்தை பனிமேட்டில் ஏறியதும் உடுப்பு மேலே ஏறி, பூட்ஸுக்குள் பனி புகுந்து, காலுறை நனைந்து வீட்டுக்கு வருவாள். ஐந்து விரல் கையுறையும் சரிப்படவில்லை. நான்கு விரல்களும் ஒன்றாக இருந்து கட்டைவிரல் மட்டும் தனியாகப் பிரியும் கையுறைதான் சிறு பிள்ளைகளுக்கு ஏற்றது; விரல்கள் ஒன்றையொன்று சூடேற்றிக்கொள்ளும், தானாக மாட்டிக்கொள்ளவும் எளிது. அதில் இரண்டு ஜோடியாவது வேண்டும், ஒன்று எப்போதும் ஈரமாகவே இருக்கும்.

வெளிச்சம் பற்றி இங்கே யாரும் யோசிப்பதில்லை. சென்னையில் ஆண்டின் மிகக் குறுகிய பகலே பதினொரு மணி நேரத்துக்கு மேல். ஓலுவில் டிசம்பர் இறுதியில் சூரியன் தொடுவானத்துக்கு மேலே இருப்பது சுமார் மூன்றரை மணி நேரம்தான். “நாம ஏம்மா ராத்திரியில ஸ்கூலுக்குப் போறோம்?” என்று மகள் கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்தது. இருட்டில் சாலையில் நடப்பவர்கள் ஒளியைத் திருப்பி அனுப்பும் வில்லையை அணிய வேண்டும் என்பது பின்லாந்தின் சாலைச் சட்டத்திலேயே இருக்கிறது; அங்கே விற்கும் குழந்தை உடுப்புகளில் அந்தப் பட்டை தைத்தே வருகிறது. இங்கே வாங்கிய பனியுடை முழுக்க அடர்நீலம், ஒரு பட்டைகூட இல்லை. இரண்டு வில்லைகளை ஊசி குத்தித் தொங்கவிட்டுத்தான் அவளை அனுப்பினேன்.

மங்கி குல்லாவை மார்கழிக் காலையில் மெரினாவில் நடப்பவர்களுக்கானது என்று நினைத்து நான் வேண்டாம் என்றேன். பாய் விடாமல் ஒன்றைப் பையில் போட்டார். மைனஸ் இருபதில் காதையும் தாடையையும் சேர்த்து மூடிய ஒரே உடுப்பு அதுதான்.

கடை வாசலில் தையல் இயந்திரத்தோடு உட்கார்ந்திருக்கும் தையல்காரரைத் தவறவிடாதீர்கள். கையின் நீளத்தைக் குறைப்பது, இடுப்பைப் பிடிப்பது போன்ற வேலைகளை அன்றே முடித்துத் தருகிறார், கூலி நியாயமானது. எங்கள் ஜெர்கின்களின் கழுத்துப்புறத்தில் தொங்கவிடுவதற்கான காதுகளைப் பிரித்து, தடித்த நாடாவால் இரட்டைத் தையல் போட்டுக் கொடுத்தார். அன்று அது அவசியமில்லாத வேலையாகத் தோன்றியது. ஓலுவில் வீடு, பள்ளி, நூலகம் என்று எங்கே நுழைந்தாலும் முதலில் மேலுடையைக் கழற்றி மாட்டிவிட்டுத்தான் உள்ளே போகிறோம். கட்டடங்களுக்குள்ளே இருபத்தொரு டிகிரி அளவுக்குச் சூடாகவே வைத்திருக்கிறார்கள். ஒரு நாளைக்கு ஆறேழு முறை மாட்டிக் கழற்றியும் அந்தக் காது ஒன்றுகூட அறுந்து போகவில்லை.

காற்றை உறிஞ்சிப் பொதியைச் சுருக்கும் பிளாஸ்டிக் உறைகளை இலவசமாகத் தருகிறார்கள். அவை இல்லாவிட்டால் மூன்று ஜெர்கின்களும் ஒரு பெட்டியை அடைத்திருக்கும். பணம் செலுத்துவதில் சிக்கல் இல்லை. வண்டி நிறுத்த இடம் இல்லை. எழும்பூர் மெட்ரோவில் இறங்கி ஆட்டோவில் வருவது நல்லது. ஜூலை, ஆகஸ்டில் மாணவர் கூட்டம் அதிகம், வார நாள் முற்பகலில் போனால்தான் பாயோடு நிதானமாகப் பேச முடியும்.

மாற்றித் தரும் காலம் ஏழு நாட்கள் என்ற விதியைத்தான் கடை கட்டாயம் திருத்த வேண்டும். வாங்குகிற பொருளைப் பெட்டியில் வைத்துப் பூட்டி, கடல் கடந்து போய், மாதங்கள் கழித்து முதன்முதலாக உடுத்துகிறவர்களுக்கு ஏழு நாட்கள் என்பதற்குப் பொருளே இல்லை.

போன வாரம் வெடித்த பூட்ஸை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். பணத்தைத் திரும்பக் கேட்கும் எண்ணம் எனக்கு இல்லை. அடுத்தவர் விழக் கூடாது என்பதற்காகத்தான் போனேன். பாய் அதை வாங்கி, வெடித்த இடத்தில் விரலை விட்டுப் பார்த்து, அடிப்பாகத்தை மடக்கிப் பார்த்து, என்னிடம் ஒரு மணி நேரம் கேட்டுக் கேட்டு ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார்: மீள்பட்டை, ஜிப் நாடா, ஒளி வில்லை, ஒரு அளவு பெரிய பூட்ஸ். விதிப்படி மாற்றித் தர வேண்டிய கட்டாயம் இல்லாதபோதும், பூட்ஸ் விலைக்கு ஈடாகக் கம்பளிக் காலுறைகளை எடுத்துக்கொள்ளச் சொன்னார். ஆறு ஜோடி எடுத்துக்கொண்டேன். அடுத்த குளிர்காலத்துக்காக மகளுக்கு இரண்டு அளவு பெரிய மெரினோ செட் ஒன்றும் வாங்கி, கை நுனியையும் கால் நுனியையும் உள்ளே மடித்துத் தைக்கக் கொடுத்திருக்கிறேன். அவள் வளர வளரப் பிரித்துவிட்டுக்கொள்ளலாம் என்றார் தையல்காரர். சனிக்கிழமை தருவதாகச் சொல்லியிருக்கிறார்.