டிரான்ஸ் சைபீரியன் ரயில்ல கூப்பேவா, பிளாட்ஸ்கார்ட்டா?

மாஸ்கோவுல ஏறி ரஷ்யாவோட கிழக்குக் கோடில இருக்கற விளாதிவஸ்தோக்ல இறங்கினா 9288 கிலோமீட்டர், நடுவுல எங்கயும் இறங்காம போனாலே கிட்டத்தட்ட ஒரு வாரம் ரயில்லதான் இருக்கணும், அதனால எந்த கிளாஸ்ல டிக்கெட் போடறோம்ங்கறது சாதாரண விஷயம் இல்ல. நான் பாதி வழிக்குக் கொஞ்சம் மேல வர்ற இர்குட்ஸ்க் வரைக்கும் திறந்த பெட்டியான பிளாட்ஸ்கார்ட்ல போனேன், அங்கிருந்து விளாதிவஸ்தோக் வரைக்கும் ரூம் ரூமா பிரிச்ச கூப்பேல போனேன். இன்னொரு தடவ போனா முழுக்க பிளாட்ஸ்கார்ட்தான்.

கூப்பேன்னா கதவு வச்ச நாலு பெர்த் ரூம், பெட்டிக்கு 36 பேர். பிளாட்ஸ்கார்ட்டுக்கு கதவே கிடையாது, 54 பேரு, நம்மூர் ஸ்லீப்பர் கிளாஸ் மாதிரி சைடு பெர்த்தும் உண்டு. கூப்பேக்கு காசு கூட, நிம்மதியா தூங்கலாம், ரூம் கதவ உள்பக்கம் பூட்டிக்கலாம், சில டிக்கெட்ல ஒரு வேளை சாப்பாடும் சேர்ந்தே வரும். பிளாட்ஸ்கார்ட்ல சத்தம், குறட்டை, காலைல டாய்லெட்டுக்கு கியூ. இதெல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். சுடுதண்ணி ரெண்டுலயும் ஒண்ணுதான், பெட்டியோட கடைசில பாய்லர் இருக்கும், ராத்திரி பகல்னு எப்ப வேணா ஃப்ரீயா பிடிச்சுக்கலாம். பெட்டிய பாத்துக்கற ப்ரவோத்னிட்சா அக்காகிட்ட கேட்டா உலோகப் பிடி போட்ட கண்ணாடி கிளாஸ் தருவாங்க, அதுல டீ குடிக்கறது தனி சுகம்.

ஆனா இவ்ளோ நாள் ரயில்ல யார் கூட உக்காந்து சாப்பிடறோம்ங்கறதுதான் பயணமே, அத முடிவு பண்றது அந்தக் கதவு. கூப்பேல கதவ சாத்திட்டா மீதி மூணு பேர்தான் உலகம், அவங்க நல்லா பேசறவங்களா அமைஞ்சா அதிர்ஷ்டம், இல்லன்னா அதே மூணு முகத்தோட நாள் கணக்கா ஓட்டணும். எனக்கு அமைஞ்சவங்க நல்லவங்கதான், மரியாதையா வணக்கம் சொல்லுவாங்க, அப்பறம் அவங்கவங்க டேப்லெட்டுக்குள்ள போயிடுவாங்க, சாப்பாட்டையும் அவங்கவங்க தனியா பிரிச்சு அமைதியா முடிச்சுக்குவாங்க.

பிளாட்ஸ்கார்ட்ல அப்படி இருக்கவே முடியாது. பகல்ல மேல் பெர்த்காரங்க கீழ் பெர்த்ல வந்துதான் உக்காரணும், மேஜை ஒண்ணுதான், எதிர்ல ஒருத்தர் சாப்பாட்டப் பிரிச்சா நம்மளையும் கூப்பிடாம அவங்களால சாப்பிட முடியல. நோவோசிபிர்ஸ்க் போற ஒரு பாட்டி வெள்ளரிக்காய நீளவாக்குல ரெண்டா பொளந்து, காகிதத்துல மடிச்சு வச்சிருந்த உப்ப நடுவுல தூவி, ரெண்டு பாதியையும் ஒண்ணோட ஒண்ணு வச்சு நல்லா தேய்ச்சுட்டு ஒரு பாதிய என் கைல குடுத்தாங்க, கூடவே கறுப்பு ரொட்டியும் அவிச்ச முட்டையும். எனக்குத் தெரிஞ்ச ரஷ்ய வார்த்தைகள விரல் விட்டு எண்ணிடலாம், அவங்களுக்கு இங்கிலீஷ் சுத்தமா தெரியாது, இருந்தும் பேத்தி போட்டோவுல ஆரம்பிச்சு முட்டி வலி வரைக்கும் எல்லாம் பேசினோம். பக்கத்துல எண்ணெய் வயல்ல ஷிஃப்ட் வேலைக்குப் போற ஆள் தோஷிராக் நூடுல்ஸ்ல சுடுதண்ணி ஊத்தி மேல மயோனைஸ் பிழிஞ்சு சாப்பிட்டார், எனக்கும் ஒரு டப்பா நீட்டினார், நான் கொண்டு போன முந்திரிய எல்லாருக்கும் குடுத்தேன்.

இன்னொன்னு, பிளாட்ஸ்கார்ட்ல குறைஞ்ச தூரம் போறவங்க நிறைய. கீரவ், பெர்ம், தியுமென்னு ஒவ்வொரு ஊர்லயும் ஆள் இறங்கி ஆள் ஏறும், ஏறுறவங்க கைல அன்னிக்கு காலைல வீட்டுல செஞ்ச சாப்பாடு இருக்கும், அதனால நாலாவது நாள்லயும் மேஜைல புதுசா ஏதாவது வந்துட்டே இருந்துச்சு. பாரபின்ஸ்க் ஸ்டேஷன்ல வண்டி நல்ல நேரம் நிக்கும், பிளாட்ஃபார்ம்ல புகை போட்ட மீன் விப்பாங்க, எது நல்ல மீன்னு எனக்குத் தேர்ந்தெடுத்துக் குடுத்ததும் நம்ம பக்கத்து பெர்த்ல இருந்தவங்கதான். சைவம்னா பிரோஷ்கி (உள்ள பூரணம் வச்ச பன்) வாங்கறப்ப ‘ஸ் கபூஸ்தய்’ன்னு கேட்டா முட்டைக்கோஸ், ‘ஸ் கர்தோஷ்கய்’ன்னு கேட்டா உருளைக்கிழங்கு வச்சது கிடைக்கும், முட்டைக்கோஸ்ல சில சமயம் முட்டையும் சேர்ப்பாங்க, அத மட்டும் கேட்டுக்கோங்க. ரெஸ்டாரண்ட் பெட்டிக்கு கூப்பேல போறப்பதான் போனேன், சூப் சூடா நல்லா இருந்துச்சு, ஆனா பக்கத்து டேபிள்ல யாருமே இல்லாம சாப்பிட்டேன்.

ஒண்ணு ஒத்துக்கணும், இர்குட்ஸ்க்குக்கு கிழக்க ஊர்களே கம்மி, ஏறி இறங்கற கூட்டமும் கம்மி, அதனால எனக்கு கூப்பே டல்லா தெரிஞ்சதுல பாதையோட பங்கும் இருக்கலாம். சின்னப் பசங்களோட நான் போனதில்ல, குளிர்காலத்துலயும் போனதில்ல, அந்த நிலைமைல கதவு இருக்கறது பெரிய விஷயமாத் தோணலாம். தனியா போற பெண்கள் யோசிச்சா கூப்பேல பெண்களுக்கு மட்டும்னு தனி ரூம் புக் பண்ற வசதி இருக்கு, அத முதல்ல பாருங்க.

பிளாட்ஸ்கார்ட்தான்னு முடிவு பண்ணிட்டீங்கன்னா 1ல இருந்து 32க்குள்ள ஒத்தைப்படை நம்பரா எடுங்க, ஒத்தைப்படைன்னா கீழ் பெர்த், மேஜை உங்க பக்கத்துலயே இருக்கும். 33ல இருந்து 38 வரைக்கும் டாய்லெட்ட ஒட்டி வரும், கதவு ராத்திரி பூரா அடிச்சுட்டே இருக்கும். 37ல இருந்து 54 வரை சைடு பெர்த், அங்க கீழ் பெர்த்த மடிச்சாதான் மேஜையே வரும், ஆறு பேரா உக்காந்து சாப்பிடற அந்த செட்டு அங்க அமையாது. 2022 மார்ச்ல இருந்து வெளிநாட்டு பேங்க் குடுத்த விசா, மாஸ்டர்கார்டு ரஷ்யாவுல வேலை செய்யாது, பிளாட்ஃபார்ம்ல விக்கற பாட்டிங்களுக்கு எப்படியும் காசாத்தான் குடுக்கணும், சில்லறை ரூபிளா மாத்தி வச்சுக்கோங்க.