வீட்டு ‘ஸ்மார்ட்’ கருவிகளுக்குக் காசு கொடுக்க முன் இதை வாசியுங்கள்: எனக்குப் போனது 78,500 ரூபா

விளக்கு, கதவு, மின்விசிறி ஆகியவற்றைக் கைத்தொலைபேசியிலிருந்து இயக்கும் கருவிகளை விற்று, வீட்டுக்கு வந்து பொருத்தியும் தருகிற கொழும்பு காலி வீதிக் கடை ஒன்றிடம் 78,500 ரூபாவை இழந்திருக்கிறேன். முறைப்பாடு எழுத்தில் போகவிருப்பதால் கடையின் பெயரை இங்கே சொல்லவில்லை. ஆனால் இதே மாதிரிக் கடைகள் வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் பல இருப்பதால், நடந்ததைச் சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

வெள்ளவத்தைத் தொடர்மாடி ஒன்றில் அம்மாவும் நானும் இருக்கிறோம். இரவில் அம்மா குளியலறைக்கு எழுந்து போகும்போது நடையில் விளக்குத் தானாக எரிய வேண்டும், நான் கோட்டையில் வேலையில் இருக்கும் நேரத்தில் வாசற்கதவு திறந்தால் எனக்குத் தகவல் வர வேண்டும் என்பதே என் தேவை. ஒரு ஹப் (எல்லாக் கருவிகளையும் இணையத்தோடு சேர்க்கும் சிறிய பெட்டி), அசைவை உணரும் சென்சர்கள், கதவுக்கு ஒன்று, சில மின்குமிழ்கள், பொருத்துகூலி எல்லாம் சேர்த்து 57,000 ரூபா என்றார்கள்.

பொருத்த வந்த இளைஞர் மிக மரியாதையானவர். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, அம்மா கொடுத்த பிளேன்டீயைக் குடித்துக்கொண்டு, ஒவ்வொரு சென்சரையும் அவருக்குக் காட்டி விளங்கப்படுத்தினார். செயலியில் கணக்குத் திறக்கும் நேரம் வந்தபோது, “அக்கா, இத எங்கட கடை அக்கவுண்ட்ல போட்டு உங்களுக்கு ஷெயார் பண்ணிவிடுறன். ஏதும் பிழை வந்தா நீங்க அலையத் தேவையில்ல, நாங்க கடையில இருந்தே பார்த்துத் திருத்திருவம்” என்றார். விற்ற பிறகும் பொறுப்பை விடாத கடை என்று அம்மாவிடம் நான் பெருமையாகச் சொன்னது இந்த ஒரு வசனத்துக்காகத்தான். இப்போது நினைத்தால் வயிறு எரிகிறது.

முதல் வாரத்திலேயே ஹப் இணைப்பை இழக்கத் தொடங்கியது. செயலியில் எல்லாம் சாம்பல் நிறமாகி ‘ஓஃப்லைன்’ என்று வரும். சற்று நேரத்தில் தானாக மீண்டுவிடும். பிறகு மறுபடியும் விழும். அது விழுந்திருக்கும் நேரத்தில் நடை விளக்கும் எரியாது. அம்மா இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டு நின்ற இரவுக்குப் பிறகு, அவர் பழைய சுவிட்சையே பாவிக்கத் தொடங்கிவிட்டார்.

கடைக்குத் தொலைபேசி எடுத்தால், “உங்கட வைஃபை சரியில்ல, இன்டர்நெட் கம்பனிக்குச் சொல்லுங்க” என்றார்கள். சொன்னேன். அவர்களுடைய தொழினுட்பவியலாளர் வந்து ஃபைபர் இணைப்பை அளந்து பார்த்துவிட்டு, லைனில் ஒரு குறையும் இல்லை என்று போனார். அதைச் சொன்னதும் கடையின் பேச்சு ரவுட்டருக்குத் தாவியது: ஹப்புக்கு 2.4 கிகாஹேர்ட்ஸ் வைஃபை அலை மட்டும்தான் பிடிக்கும், உங்கள் ரவுட்டர் 5 கிகாஹேர்ட்ஸையும் அதே பெயரில் கொடுக்கிறது, தொடர்மாடியில் அக்கம்பக்கத்து வைஃபை எல்லாம் ஒன்றோடொன்று மோதுகின்றன, ஆகவே எங்களிடமுள்ள, வீடு முழுக்க வைஃபையைப் பரப்பும் மெஷ் ரவுட்டரை வாங்கினால்தான் தீரும் என்றார்கள். அதற்கு 21,500 ரூபா. முன்னைய 57,000 உடன் சேர்த்து 78,500.

மெஷ் வந்த பிறகும் ஹப் அதே மாதிரி விழுந்தது. அதன் பின் எனக்குக் கிடைத்தவை “மாஸ்டர் ஊருக்குப் போயிருக்கார்”, “திங்கக்கிழமை கட்டாயம் ஆளனுப்புறம்”, “இப்ப கடையில சனம், பிறகு எடுங்க” போன்ற பதில்களே. வட்ஸ்அப்பில் நான் அனுப்பிய படங்களுக்கெல்லாம் நீலச் சரி விழுந்ததே ஒழிய ஒரு சொல் பதில் வரவில்லை. பொருத்தியபோது ‘அம்மா, அம்மா’ என்று கூப்பிட்ட அதே தம்பி, கடைக்கு நேரில் போன என்னைக் கண்டதும் உள்ளே போய்விட்டார்.

அவர்கள் சொன்னதில் பாதி உண்மை என்பதுதான் இந்த ஏமாற்றின் கெட்டித்தனம். இவ்வகை ஹப்புகளில் பெரும்பாலானவை 2.4 கிகாஹேர்ட்ஸில் மட்டுமே இணைகின்றன. சென்சர்களோடு ஹப் பேசுகிற ஜிக்பீ அலையும் அதே அலைவரிசையில்தான் இயங்குகிறது. வைஃபை 1, 6, 11 ஆகிய சனல்களில் நெரிசல் இருந்தால் ஜிக்பீயை 25 ஆம் சனலுக்கு மாற்றுவது நல்லதுதான். ஆனால் அந்த நெரிசலால் சென்சரின் தகவல் பிந்தலாம், வைஃபை இணைப்பு அறுந்தும் போகலாம். அதற்காக ஹப் தானே அணைந்து திரும்ப எழும்பாது.

எங்கள் ஹப் அணைந்துதான் எழும்பியது. அதைக் கண்டுபிடித்தவர் கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த என் சித்தப்பாவின் மகன். வலையமைப்பு வேலை செய்பவர். அவர் செயலியைத் திறக்கவே இல்லை. ஒரு கதிரையைப் போட்டு ஹப்பின் முன்னால் இருந்து அதன் விளக்கைப் பார்த்தார். இணைப்பு மட்டும் அறுந்தால் விளக்கு நிறம் மாறி எரிந்துகொண்டிருக்கும் என்றும், முழுதாக அணைந்து, முதல்நாள் பிளக் பண்ணியபோது வந்த அதே வரிசையில் மீண்டும் சிமிட்டினால் மின்சாரம் போதவில்லை என்றும் சொன்னார். அது அப்படியே சிமிட்டியது. ரவுட்டரின் பதிவிலும் ஒவ்வொரு தடவையும் ஹப், அப்போதுதான் எழும்பிய கருவி போல, புதிதாக வலையமைப்பு முகவரி கேட்டிருந்தது. பிறகு அவர் ஹப்பைத் திருப்பிப் பார்த்தார்: அடியில் 5 வோல்ட் 2 அம்பியர் என்று அச்சிட்டிருந்தது. சுவரிலிருந்த அடப்டரில் 5 வோல்ட் 1 அம்பியர் என்றிருந்தது. பெயரும் வேறு ஒரு கம்பனியுடையது. அதன் இரண்டு தட்டைக் கால்களும் எங்கள் சதுரக் கால் பிளக்கில் நிற்காததால் ஆடுகிற ஒரு மாற்றியில் செருகி வைத்திருந்தார்கள். வைஃபையும் ஜிக்பீயும் ஒரே நேரத்தில் அலை அனுப்பும்போது மின்னோட்டம் சட்டென்று கூட, அடப்டர் தாங்காமல் வோல்டேஜ் விழ, ஹப் மறுபடி தொடங்குகிறது. தன்னுடைய பழைய 2 அம்பியர் சார்ஜரை அவர் மாட்டிய பிறகு ஹப் ஒருமுறைகூட விழவில்லை. பெட்டியில் வந்திருக்க வேண்டிய அடப்டர் எங்கே போனது என்பது கடைக்குத்தான் வெளிச்சம்.

இரண்டு அடப்டர்களையும் கொண்டுபோய் முதலாளியின் மேசையில் வைத்தேன். “அடப்டருக்கு வொரண்டி இல்ல, மிஸ்” என்றார். தேவையில்லாமல் விற்ற மெஷ் ரவுட்டரின் 21,500 ரூபாவைத் திருப்பிக் கேட்டேன். பெட்டி உடைத்த சாமானை எடுக்க முடியாது என்றார். அப்படியானால் ஹப்பை உங்கள் கணக்கிலிருந்து நீக்கி என் கணக்குக்கு மாற்றித் தாருங்கள் என்றேன். அதற்கு 6,000 ரூபா ‘சேவைக் கட்டணம்’ கேட்டார். நான் மறுத்தேன்; குரலும் உயர்ந்தது, அதை மறைக்கவில்லை. அன்றிரவே என் செயலி வெறுமையானது. பகிர்வை நிறுத்திவிட்டார்கள். ஹப்பை ஊசியால் ரீசெட் செய்து என் கணக்கில் சேர்க்கப் பார்த்தால், இக்கருவி வேறொரு கணக்குடன் இணைக்கப்பட்டுள்ளது என்ற செய்தி மட்டும் வருகிறது. தயாரிப்பு நிறுவனமோ தொடரிலக்கத்துடன் கூடிய பற்றுச்சீட்டைக் கேட்கிறது. என் பற்றுச்சீட்டில் கையால் ‘ஸ்மார்ட் செட் 57,000’ என்று எழுதியிருக்கிறது, வேறொன்றும் இல்லை.

அம்மா எத்தனை மணிக்கு வாசற்கதவைத் திறக்கிறார் என்பது இவ்வளவு காலமும் முன்பின் தெரியாத ஆட்களின் கைத்தொலைபேசியில் பதிவாகிக்கொண்டிருந்திருக்கிறது. சென்சர்களின் பற்றரிகளையெல்லாம் கழற்றிவிட்டேன். 78,500 ரூபா அலுமாரியின் மேல்தட்டில் கிடக்கிறது.

விரிவாக ஆலோசனை எழுத இருந்தேன், அதற்கு இப்போது பொறுமை இல்லை. கணக்கை உங்கள் தொலைபேசியில், உங்கள் மின்னஞ்சலில் திறக்கச் சொல்லுங்கள். மறுத்தால் பொருத்த வேண்டாம் என்று அனுப்பிவிடுங்கள். பற்றுச்சீட்டில் கருவியின் மொடல் பெயரும் தொடரிலக்கமும் எழுதும்வரை காசைக் கொடுக்காதீர்கள். அடப்டரில் உள்ள வோல்ட், அம்பியர் எண்களை ஹப்பின் அடியில் உள்ள எண்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ‘வைஃபை சரியில்ல’ என்று யார் சொன்னாலும் முதலில் ஹப்பின் விளக்கைப் பாருங்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் இலக்கம் 1977. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின்படி, வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். ‘திங்கக்கிழமை’ என்ற பேச்சை நம்பி அந்தக் காலத்தைக் கடத்திவிடாதீர்கள். எனக்கு இன்னும் கொஞ்ச நாள் இருக்கிறது. கடிதம், அடப்டரின் படம், வட்ஸ்அப் உரையாடல் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு நாளைக் காலை அதிகாரசபையின் வொக்ஸ்ஹோல் வீதி அலுவலகத்துக்குப் போகிறேன். இதே மாதிரி யாருக்காவது நடந்திருந்தால், கடையின் பெயரைப் பொதுவில் போடாமல் எனக்குத் தனியாக எழுதுங்கள்.