மண்முனை முதல் மண்டூர்த் துறை வரை: படுவான்கரையில் ஒரு சைக்கிள் சுற்று

கிழக்கிலங்கையின் மட்டக்களப்பு வாவியைக் கடக்கும் மண்முனைப் பாலத்தின் நடுவில் நின்று மேற்கே பார்த்தால் வாவி விளிம்பில் கண்டல் மரங்களும், அவற்றுக்கு அப்பால் தென்னை வரிசையும், அதற்கும் அப்பால் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை வேளாண்மையும் தெரியும். சூரியன் எழுகின்ற பக்கத்துக் கரை எழுவான்கரை, அது படுகின்ற பக்கத்துக் கரை படுவான்கரை என்று மட்டக்களப்பார் தம் நாட்டைப் பிரித்துப் பெயரிட்டது எவ்வளவு பொருத்தம் என்பது அந்த இடத்தில் நின்றால் விளங்கும். கடந்த மாசி மாதத்தில் நண்பர் ஒருவருடன் இந்தப் பாலத்தைக் கடந்து, படுவான்கரையின் ஊடாகத் தெற்கே மண்டூர் வரை சென்று, அங்கே ‘பாதை’யில் ஏறி வாவியைத் தாண்டிக் குருமண்வெளியில் இறங்கி, கடலோர நெடுஞ்சாலை வழியாக மட்டக்களப்பு நகருக்குத் திரும்பினேன். வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: இங்கே பாதை என்றால் வீதி அன்று, ஆட்களையும் சிறு வண்டிகளையும் ஏற்றிக்கொண்டு அக்கரை சேர்க்கும் தட்டையான மிதவை. நகரில் புறப்பட்டு நகருக்கே திரும்பும் இந்தச் சுற்று ஏறத்தாழ 70 கிலோமீற்றர். கிழக்கில் நான் துவிச்சக்கரவண்டியில் சென்ற வழிகளில் இதையே முதலாவதாக வைப்பேன். ஆயினும் அதன் கடைசிப் பகுதியைப் பற்றி எனக்கு ஒரு குறை உண்டு.

வழி முழுவதும் சமதரை. ஏற்றம் என்று சொல்லத்தக்கவை பாலங்கள் மட்டுமே. ஆகவே கியர் இல்லாத சாதாரண வண்டியே போதும். இங்கு காலைச் சோதிப்பது காற்று. வைகாசி முதல் ஆவணி வரை வீசும் கச்சான் காற்று மேற்கிலிருந்து வெப்பத்தை அள்ளிக்கொண்டு வரும். அந்த மாதங்களில் முற்பகல் முடிவதற்குள் படுவான்கரைப் பகுதியை ஓடி முடித்துவிட வேண்டும். மார்கழியிலும் தை முற்பகுதியிலும் வெள்ளம் வீதியை மறிக்கக்கூடும். மாசியும் பங்குனியுமே உகந்தவை என்பது என் அனுபவம்.

2014 இல் ஜப்பானிய உதவியுடன் அமைந்த மண்முனைப் பாலத்துக்கு முன்னர் இந்த இடத்திலும் பாதைதான் இருந்தது. அக்கரை செல்ல நோயாளியும் ஆசிரியரும் நெல் மூட்டையும் ஒரே மிதவைக்காகக் காத்து நின்ற காலத்தை இன்று நடுவயதில் இருப்பவர்கள் நன்றாக நினைவில் வைத்திருக்கிறார்கள். இப்போது சில நிமிடங்களில் கடந்து கொக்கட்டிச்சோலைக்குச் சென்றுவிடலாம். இங்கே அவசரப்படாதீர்கள் என்பதே என் முதல் வேண்டுகோள். தான்தோன்றீஸ்வரர் ஆலயத்துக்குக் குறைந்தது ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். கொக்கட்டி மரத்தை வெட்டியபோது இரத்தம் பெருகியது, அதன் அடியில் சிவலிங்கம் தானாகத் தோன்றியிருந்தது என்பது கோயில் ஐதீகம். ஊரின் பெயரும் அந்த மரத்தால் வந்ததே. கோயிலை இடிக்க வந்த போர்த்துக்கேயர் கல் நந்தியைக் காட்டி, “இது புல் உண்ணுமா?” என்று கேட்க, நந்தி எழுந்து புல் உண்டது என்ற கதையைப் படுவான்கரைப் பிள்ளைகள் எழுத்தறியும் முன்பே அறிந்திருப்பார்கள். மட்டக்களப்பு நகரின் மையமான புளியந்தீவில் 1628 இல் கோட்டை கட்டி, 1638 இல் அதை ஒல்லாந்தரிடம் இழந்த போர்த்துக்கேயரின் வரலாற்றை ஏடுகளில் படிப்பது ஒரு வகை. அவர்களுக்கு வாவியின் இக்கரை மக்கள் ஒரு கல் நந்தியைக்கொண்டு சொன்ன பதிலை அந்த நந்தியின் முன்னாலேயே நின்று கேட்பது வேறொரு வகை. இரண்டாவதற்காகவே நான் மீண்டும் மீண்டும் அங்கே செல்கிறேன்.

அதே பகுதியில் மகிழடித்தீவு இருக்கிறது. 1987 ஜனவரியிலும் 1991 ஜூனிலும் இந்த ஊர்களில் பொதுமக்கள் கொல்லப்பட்டார்கள். அந்த வழியால் செல்பவர்கள் வண்டியை விட்டு இறங்கிச் சற்று நேரம் மௌனமாக நடந்து செல்வது நல்லது. நாங்கள் அவ்வாறே செய்தோம்.

முதலைக்குடா, அம்பிலாந்துறை, பழுகாமம், பெரியபோரதீவு என்று ஊர்கள் தொடர்கின்றன. இந்த நடுப்பகுதிதான் வழியின் உயிர். மேற்கே உன்னிச்சை, நவகிரி முதலிய குளங்களின் நீரால் விளையும் வயல்வெளிகளை இங்கே வட்டை என்பார்கள். நாங்கள் சென்றபோது பெரும்போக அறுவடை நடந்துகொண்டிருந்தது. வைக்கோலின் மணம் வழி நெடுகிலும் கூடவே வந்தது; வெட்டி முடிந்த வயல்களில் கொக்குகள் வெள்ளைத் துணி காயப்போட்டதுபோல் இறங்கியிருந்தன. பல இடங்களில் தார் வீதியின் பாதியில் நெல் காயப்போட்டிருப்பார்கள். அது ஒரு குடும்பத்தின் ஆறு மாத உழைப்பு என்பதால், அதன்மேல் சில்லை ஏற்றாமல், எதிரே வாகனம் வந்தால் நின்று வழிவிட்டுச் செல்வதே முறை. ஒரு வட்டையின் ஓரத்தில், காவல் வாடியில் இருந்த முதியவர் எங்களை மறித்து, “வெயிலுக்குள்ள எங்க மனே போறீங்க? தண்ணி குடிச்சிட்டுப் போங்க” என்று மண்பானைத் தண்ணீரைத் தந்தார். அந்த நீரின் குளிர்ச்சி இன்னும் நாவில் இருக்கிறது.

ஆனாலும் வழியில் எல்லாம் கிடைக்கும் என்று நம்பிச் செல்லக்கூடாது. ஊர்களுக்கு இடையிலான வயல்வெளிகளில் நிழல் அரிது, கடையும் அரிது. ஒருவருக்கு இரண்டு லீற்றர் நீராவது கையில் இருக்க வேண்டும். துவிச்சக்கரவண்டியில் வருவோருக்கு உதவும் வழிகாட்டிப் பலகை ஒன்றைக்கூட நான் காணவில்லை. சந்திகளில் கேட்டுத்தான் திரும்ப வேண்டும். கேட்டால் மகிழ்ச்சியோடு சொல்வார்கள் என்பது வேறு. வெல்லாவெளிப் பக்கத்தில் காட்டு யானைகள் வயலுக்கு இறங்குவது வழக்கம். ஆகையால் பிற்பகல் நான்கு மணிக்குப் பிறகு அந்தப் பகுதியில் இருக்க வேண்டாம். மேற்கே பிரியும் கிறவல் வீதிகள் அழகாகத் தோன்றினாலும், ஊரவர் துணையின்றி அவற்றில் இறங்க வேண்டாம்.

சின்னக் கதிர்காமம் என்று போற்றப்படும் மண்டூர் முருகன் ஆலயத்தில் கப்புகனார் எனப்படும் பூசகர் வெள்ளைத் துணியால் வாயைக் கட்டிக்கொண்டு, மந்திர ஒலி எதுவுமின்றிப் பூசை செய்வார். வெயிலில் ஓடி வந்த உடலுக்கும் மனத்துக்கும் அந்த மௌனம் தரும் ஆறுதலை என்னால் எழுத முடியவில்லை.

கோயிலிலிருந்து துறைக்குச் சென்றால், இந்தச் சுற்றுக்கு நான் முதலிடம் தருவதன் காரணம் தெரியும். மிதவையில் முதலில் மோட்டார் சைக்கிள்கள் ஏறும். நம் வண்டிகளை ஓரத்தில் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். இயந்திரம் மெல்ல உறுமியபடி நகரும்போது, காலையிலிருந்து ஓரத்தில் பார்த்துவந்த வாவி இப்போது காலுக்குக் கீழே இருக்கும். வீச்சு வலைக்காரரின் தோணி, கூழைக்கடாக்கள், நீர்க்காகங்கள், பின்னால் சிறுத்துப் போகும் மண்டூர்க் கரை என்று எல்லாவற்றையும் நின்று பார்க்க நேரம் இருக்கிறது. இந்தக் கடப்புக்காகவே சுற்றை மண்முனையில் தொடங்கி மண்டூரில் முடிக்கச் சொல்கிறேன். எதிர்த்திசையில் வந்தால் இது காலையிலேயே முடிந்துவிடும், வயல்வெளி கடும் வெயிலில் மாட்டிக்கொள்ளும்.

குருமண்வெளிக்குப் பின் வரும் நெடுஞ்சாலைதான் நான் சொன்ன குறை. கல்முனைக்கும் மட்டக்களப்புக்கும் இடையே பேருந்துகள் விரையும் அந்த வீதியில், களுவாஞ்சிகுடியிலிருந்து நகர் வரை களைத்த கால்களோடு ஓடுவது இன்பமும் அன்று, பாதுகாப்பும் அன்று. களுதாவளையின் வெற்றிலைத் தோட்டங்கள் மட்டுமே சிறிது ஆறுதல். நான் வாடகைக்கு எடுத்த வண்டியின் பின் பிரேக் கட்டை தேய்ந்திருந்தது இந்த வீதியில்தான் தெரியவந்தது. காற்றடிக்கும் பம்பும் தரப்படவில்லை. எங்கே வாடகைக்கு எடுத்தாலும் இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பார்த்து, பம்பும் ஒட்டுத் துண்டும் கேட்டு வாங்கிய பின்னரே புறப்படுங்கள்.

பிள்ளைகளோடு வருவோர் மண்டூர் வரை செல்ல வேண்டியதில்லை. கொக்கட்டிச்சோலையைப் பார்த்துவிட்டு அம்பிலாந்துறைக்கு வந்தால் அங்கிருந்தும் குருக்கள்மடத்துக்குப் பாதை உண்டு. நெடுஞ்சாலையில் ஓட வேண்டிய தூரமும் பெரிதும் குறையும். புறப்படும் நாளுக்கு முன்பே, சேவை நடக்கிறதா, கடைசிப் பாதை எத்தனை மணிக்கு என்று துறைப் பக்கத்து ஊரவரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.