கொலுசுப் படங்களுக்கு லினக்ஸில் எது: டார்க்டேபிளா, ராதெரபியா?

சேலத்தில் செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம், பனங்காடு பக்கத்து வெள்ளிப் பட்டறைகளுக்குக் கொலுசு மாடல்களைப் படம் எடுத்துத் திருத்திக் கொடுப்பது என் வேலை. படம் வாட்ஸ்அப்பில் வெளியூர் கடைக்காரருக்குப் போகும், ஆர்டரும் அதிலேயே வரும். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 ஏறாத என் பழைய மேசைக் கணினியில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக்கொண்டேன். படம் திருத்தும் அடோபியின் லைட்ரூம் மென்பொருளுக்கு லினக்ஸ் பதிப்பு கிடையாது. எனவே அதே வேலையைச் செய்யும் டார்க்டேபிள், ராதெரபி இரண்டையும் ஒரே கொலுசுப் படங்களில் ஓட்டிப் பார்த்தேன். கடைசியில் ராதெரபியோடு நின்றுவிட்டேன். அதற்கான காரணத்தையும், டார்க்டேபிள் யாருக்குப் பொருந்தும் என்பதையும் சொல்கிறேன்.

இரண்டுக்கும் பொதுவானதை முதலில் முடித்துவிடலாம். இரண்டும் இலவசம், திறந்த மூலம். இரண்டும் ரா ஃபைலை, அதாவது கேமரா பதப்படுத்தாமல் தரும் மூலப் படத்தை, தொடுவதே இல்லை. செய்த மாற்றங்களைத் தனியாக எழுதி வைத்து, கேட்கும்போது ஜேபெக் எடுத்துத் தருகின்றன. லென்ஸ் திருத்தம், புள்ளி இரைச்சல் குறைப்பு, பல படங்களை வரிசையில் போட்டு வெளியே எடுப்பது எல்லாம் இரண்டிலும் உண்டு. பொதுவான படத் திருத்த மென்பொருளான கிம்ப் இந்தப் போட்டியில் வராது. அது ரா ஃபைலைத் தானாகத் திறக்காது. டார்க்டேபிளிடமோ ராதெரபியிடமோதான் அனுப்பும். பின்னணியை வெட்டி வெள்ளையாக்க, கடை லோகோ வைக்க அது தேவை. 2025 மார்ச்சில் வந்த 3.0 பதிப்பில் ஃபில்டர்களைப் போட்ட பிறகும் மாற்றிக்கொள்ள முடிகிறது என்பதால் முன்பைவிட மிகவும் பிடித்திருக்கிறது. எதைத் தேர்ந்தெடுத்தாலும் கிம்ப் கூடவே இருக்கட்டும்.

இனி வெள்ளிக்கு வருகிறேன். வெள்ளி தன் நிறத்தைவிடச் சுற்றி இருப்பதன் நிறத்தைத்தான் அதிகம் காட்டும். பட்டறையில் மஞ்சள் பல்பு எரிந்தால் முலாம் பூசியது போல இருக்கும். நீலம் ஏறினால் கடைக்காரர்கள் உடனே, "தம்பி, அலுமினியம் மாதிரி இருக்குதுங்க" என்பார்கள். ஆக, விளக்கின் நிறச் சாயலை நீக்கும் வொயிட் பேலன்ஸ்தான் முதல் வேலை. ராதெரபியில் அதற்கு ஒரே இடம். சாம்பல் அட்டை மேல் சொடுக்கினால் முடிந்தது. டார்க்டேபிளில் வொயிட் பேலன்ஸ் என்று ஒரு மாட்யூல் (திருத்தக் கருவி), கலர் கேலிபரேஷன் என்று இன்னொன்று. புதிய முறையில் முதலாவதைக் கேமராவின் அடிப்படை நிலையிலேயே விட்டுவிட்டு இரண்டாவதில்தான் திருத்த வேண்டும். இரண்டையும் நகர்த்தினால் எச்சரிக்கை வரும். இந்த ஏற்பாடு பொருளற்றது அல்ல. இரு வகை விளக்கு கலந்த இடத்தில் முகமூடி போட்டு (திருத்தம் படத்தின் ஒரு பகுதியில் மட்டும் விழும்படி மறைத்து) இரண்டு கேலிபரேஷன் வைத்துச் சரிசெய்யலாம், அது பெரிய வசதி. ஆனால் ஒரே விளக்குப் பெட்டியில் வைத்து எடுக்கும் கொலுசுக்கு அவ்வளவு தேவைப்படவில்லை.

படத்தைத் திறந்தவுடன் தெரியும் வித்தியாசமும் உண்டு. ராதெரபி ரா ஃபைலுக்குள் இருக்கும் கேமராவின் சிறு ஜேபெக்கைப் பார்த்து அதற்கேற்ற வெளிச்ச வளைவைத் தானே போட்டுக்கொள்கிறது. கேமரா திரையில் பார்த்ததற்கு நெருக்கமாகவே தொடங்கலாம். டார்க்டேபிளில் படம் கொஞ்சம் மங்கலாகத் திறக்கும். அங்கிருந்து நாம்தான் கட்டியெழுப்ப வேண்டும். கண்ணிகளின் விளிம்பு, சலங்கைக்குள் இருக்கும் வெட்டு வேலை, மீனா என்ற வண்ண எனாமல் பூசிய எல்லைக்கோடு ஆகியவற்றில் ராதெரபியின் கேப்சர் ஷார்ப்பனிங் என்ற கூர்மையாக்கும் கருவி தரும் நுணுக்கம் எனக்கு நிறைவாக இருக்கிறது. அதன் பல கருவிகளின் பலன் 100% பார்வையில்தான் சரியாகத் தெரியும் என்று குறை சொல்பவர்கள் உண்டு. நகைப் படத்தை எப்படியும் முழு அளவில்தான் பார்த்தாக வேண்டும் என்பதால் எனக்கு அது இடைஞ்சலாக இல்லை.

இவ்வளவுக்கு மட்டும் என்றால் எதை எடுத்தாலும் சரி என்றே சொல்லியிருப்பேன். என் முடிவைத் தீர்மானித்தது வேறு: செய்த திருத்தம் எங்கே, எந்த வடிவில் கிடக்கிறது என்பது.

கொலுசு வியாபாரத்தில் ஒரு மாடல் ஒரே தடவையோடு முடிந்துவிடாது. தீபாவளிக்கு ஓடிய டிசைனைத் தை மாத முகூர்த்தத்துக்கு மறுபடி கேட்பார்கள். அதே வரிசையில் முத்து வைத்தது, வைக்காதது என்று புதிதாக இரண்டு சேரும். புதிய படமும் பழைய படமும் பக்கத்தில் பக்கத்தில் போகும்போது வெள்ளியின் வெண்மை ஒன்றுபோல இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வாங்குபவர் தரமே மாறிவிட்டது என்று நினைப்பார். எனவே பழைய படத்தின் அமைப்பு எந்த நாளிலும், எந்தக் கணினியிலும் என் கைக்கு வந்தாக வேண்டும். படங்களோ ஒரே இடத்தில் இருப்பதில்லை. கடை ஹார்டு டிஸ்கில் கொஞ்சம், வீட்டு மடிக்கணினியில் கொஞ்சம், பட்டறைக்காரரின் பென் டிரைவில் கொஞ்சம்.

டார்க்டேபிள் பேரேடு வைத்து நடக்கும் கடை. ஒவ்வொரு படத்தையும் தன் தரவுத்தளத்தில், அது இருக்கும் ஃபோல்டரின் பாதையோடு பதிந்து வைக்கிறது. ஃபோல்டரை வெளியே இருந்து நகர்த்தினாலோ பெயர் மாற்றினாலோ படத்துக்குப் பதில் மண்டையோட்டுச் சின்னம் வரும். வேலை தொலைந்துவிட்டது என்று பயப்படத் தேவையில்லை. படத்தின் பக்கத்திலேயே எக்ஸ்எம்பி ஃபைல் ஒன்று எழுதப்படுவதால், புதிய இடத்திலிருந்து மறுபடி இம்போர்ட் செய்தால் திருத்தங்கள் திரும்ப வரும். ஆனால் பேரேட்டில் பழைய பதிவும் இருக்கும், புதியதும் இருக்கும். நாம்தான் துடைக்க வேண்டும். பதிப்புச் சிக்கலும் உண்டு. புதிய டார்க்டேபிள் ஒருமுறை திறந்து மேம்படுத்திய தரவுத்தளத்தைப் பழைய டார்க்டேபிள் திறக்காது. மின்ட்டின் மென்பொருள் களஞ்சியத்தில் இருப்பது பழைய பதிப்பாகவும், ஃபிளாட்பேக் என்ற தனி நிறுவல் வழியில் இருப்பது புதியதாகவும் இருக்கலாம். இரண்டு கணினி வைத்திருப்பவர்கள் இரண்டிலும் ஒரே பதிப்பைப் போட்டுக்கொள்வது நல்லது. எக்ஸ்எம்பியைத் திறந்து பார்த்தால் நட்சத்திரம், குறிச்சொல் போன்றவை படிக்கும்படி இருக்கும். திருத்தங்களின் அளவுகளோ குறியாக்கம் செய்த நீண்ட சரங்களாக இருக்கும். அவற்றை டார்க்டேபிள் மட்டுமே படித்துச் சொல்ல முடியும்.

ராதெரபியில் இம்போர்ட் என்ற வேலையே இல்லை. டிஸ்கில் உள்ள ஃபோல்டரை அப்படியே திறக்கிறது. ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்தில் பிபி3 என்று முடியும் சிறிய உரை ஃபைல். சாதாரண டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்தால் வொயிட் பேலன்ஸ் என்ற தலைப்பின் கீழ் டெம்பரேச்சர் எவ்வளவு, எக்ஸ்போஷர் என்ற தலைப்பின் கீழ் காம்பன்சேஷன் எவ்வளவு என்று வரி வரியாக இருக்கும். கணினியே மாறினாலும், ஏன், ராதெரபியே இல்லாமல் போனாலும், அந்த எண்களை நான் படித்து வேறொன்றில் ஏற்றிக்கொள்ளலாம். பழைய வரிசையின் பிபி3-யை எடுத்துப் புதிய படங்கள் அத்தனைக்கும் ஒரே மூச்சில் பூசலாம். ஒரு ஃபோல்டர் முழுக்க டெம்பரேச்சர் வரியை மட்டும் மாற்ற வேண்டுமென்றால் டெர்மினலில் ஒரு சிறு கட்டளை போதும். ஜேபெக் எடுக்கும்போதே அதற்கான அமைப்பையும் பக்கத்தில் சேமிக்கச் சொல்லலாம். எந்தப் படம் எந்த அளவுகளோடு வாடிக்கையாளருக்குப் போனது என்பதற்கு அதுவே சாட்சி. ஃபோல்டரை எங்கே நகலெடுத்தாலும் வேலையும் கூடவே போகிறது. எனக்கு இந்த நிம்மதி மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிது.

டார்க்டேபிள் வெல்லும் இடங்களையும் மறைக்கக் கூடாது. ஒரே படத்துக்கு இரண்டு மூன்று வடிவம் வைத்துக்கொள்ள அதில் டூப்ளிகேட் உண்டு. ராதெரபியில் ஸ்னாப்ஷாட் எடுக்கலாம், ஆனால் படத்தை மூடினால் போய்விடும்; பிபி3-யை வேறு பெயரில் சேமித்துத்தான் சமாளிக்க வேண்டும். ஆண்டுக்கு இரண்டு முறை, நடு ஆண்டிலும் கிறிஸ்துமஸை ஒட்டியும், டார்க்டேபிளின் புதிய பதிப்பு வந்துவிடுகிறது. ராதெரபி 5.8 வந்தது 2020 பிப்ரவரியில், அடுத்த 5.9 வந்தது 2022 நவம்பரில். புத்தம் புதிய கேமரா வாங்குபவர்கள் ஆதரவுப் பட்டியலைப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

ஏற்காட்டுப் பனியைப் படமெடுப்பவர்களுக்கு நான் தயங்காமல் டார்க்டேபிளையே சொல்வேன். காபித் தோட்டத்துச் சில்வர் ஓக் மரங்களுக்கு இடையே பனி நிற்கும்போது, மரத்தின் கருமையை ஏற்ற வேண்டும், பனியைத் தொடக் கூடாது. ஏறக்குறைய எல்லா மாட்யூலிலும் தூரிகையால் வரைந்தும், வெளிச்ச அளவை வைத்தும், இரண்டையும் கலந்தும் முகமூடி போடலாம் என்பது அங்கே பெரிய பலம். ராதெரபியில் 5.9 முதல் லோக்கல் அட்ஜஸ்ட்மென்ட்ஸ் உண்டு. ஆற்றல் மிக்கது, ஆனால் பழக நாள் பிடிக்கும். நானே அதில் மேலோட்டமாகத்தான் புழங்கியிருக்கிறேன்.

வேகத்தில் என் பேச்சை ஓரளவுக்குத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். டார்க்டேபிள் ஓபன்சிஎல் வழியாகக் கிராபிக்ஸ் கார்டைப் பயன்படுத்தும். ராதெரபி பிராசசரை மட்டுமே நம்பியிருக்கிறது. என் கணினியில் தனிக் கார்டு இல்லை, அதனால் டார்க்டேபிளின் கனமான மாட்யூல்கள் என்னைக் காத்திருக்க வைத்தன. நல்ல கார்டு உள்ளவர்களுக்குக் கணக்கு தலைகீழாகலாம்.

ராதெரபியை எடுப்பவர்கள் முதல் படத்தைத் திறக்கும் முன் பிரிஃபரன்சஸில் அமைப்புகள் சேமிக்கப்படும் இடத்தைப் பாருங்கள். கேஷ் (ராதெரபியின் தற்காலிகச் சேமிப்பிடம்) மட்டும் என்று இருந்தால், படத்தின் பக்கத்தில் சேமிக்கும்படி மாற்றிவிடுங்கள். டைனமிக் புரொஃபைல் விதிகளையும் அப்போதே எழுதிவிடலாம். கேமரா, லென்ஸ், ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) பார்த்து எந்த அமைப்பைப் பூசுவது என்று அது தானே முடிவு செய்யும். விளக்குப் பெட்டிக்குக் குறைந்த ஐஎஸ்ஓ விதி ஒன்று, கடைக்குள் கையில் பிடித்து எடுப்பதற்கு அதிக ஐஎஸ்ஓ விதி ஒன்று போதும்.