ஆறு வருடம், 14,000 கிலோமீட்டர்: என் ஹைப்ரிட் சைக்கிள்

ரோடு சைக்கிளுக்கும் மலைச் சைக்கிளுக்கும் நடுவில் இருக்கிற ரகம்தான் ஹைப்ரிட். 2018இல் 19,500 ரூபாய்க்கு வாங்கியது. அலுமினிய ஃபிரேம், முன்னால் மூன்று பல்சக்கரம், பின்னால் ஏழு. அப்புறம், கடைக்காரர் ஹேண்டில் பாரைப் பிடித்து இரண்டு தடவை அமுக்கிக் காட்டிய சஸ்பென்ஷன் ஃபோர்க், அதாவது முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும், குலுக்கலுக்கு அமுங்கிக் கொடுக்கும் கவை. அந்த அமுக்கலில்தான் விழுந்தேன். வாரநாட்களில் வேளச்சேரியிலிருந்து அலுவலகம், ஞாயிறு விடியலில் ஈசிஆர் என்கிற கிழக்குக் கடற்கரைச் சாலை. மனசு வைத்தால் மாமல்லபுரம். கம்பெனி பெயர் வேண்டாம், இந்த விலையில் எல்லாச் சைக்கிளுக்கும் இதே கதைதான்.

முதலில் அந்த ஃபோர்க். விலை குறைந்த சஸ்பென்ஷனுக்குள் இருப்பது பெரும்பாலும் வெறும் ஸ்பிரிங். பள்ளத்தில் விழுந்தால் அமுங்கும், உடனே துள்ளும். எழுந்து நின்று மிதித்தால் நம் பலத்தில் ஒரு பங்கை அதுவே தின்றுவிடும். இரண்டு மழைக்காலமும் கடற்காற்றின் உப்பும் சேர்ந்ததில் என்னுடையது இறுகிப்போனது. இரண்டரைக் கிலோ இரும்பைச் சும்மா சுமந்திருக்கிறேன். கழற்றிவிட்டுச் சாதா ஸ்டீல் ஃபோர்க் போட்டபோது மெக்கானிக் அண்ணன், "இதை வாங்குன அன்னைக்கே கழட்டியிருக்கணும் தம்பி" என்றார். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: புது ஃபோர்க் பழையதன் உயரத்துக்கு ஒத்துவர வேண்டும். குட்டையாக இருந்தால் முன்பக்கம் தாழ்ந்து, ஹேண்டில் பதற ஆரம்பித்துவிடும்.

அடுத்த பாடம் ஏலகிரியில். மொத்தம் 14 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் புலவர் அல்லது வள்ளல் பெயர். தமிழ்ப் பாடம் நடத்திக்கொண்டே ஏறலாம் என்று போனேன். எட்டாவது வளைவில் இறங்கித் தள்ளினேன். கால் மேல் தப்பில்லை, கணக்கில்தான் தப்பு. முன்னால் சின்னப் பல்சக்கரம் 28 பல், பின்னால் பெரியதும் 28. கிராங்க் (பெடல் மாட்டியிருக்கும் கை) ஒரு சுற்றுக்குச் சக்கரமும் ஒரு சுற்று, அதாவது கிட்டத்தட்ட 2.2 மீட்டர். மலைக்கு அது கனம். பின்னால் 34 பல் வரை உள்ள ஃப்ரீவீல் (பின்சக்கரத்துப் பல்சக்கரக் கொத்து) போட்டதும் அதே சுற்றுக்கு 1.8 மீட்டர்தான் நகர்கிறது. மறுவருடம் நிற்காமல் ஏறினேன். வேகத்தை மட்டும் கேட்காதீர்கள், ஒரு ஆடு என்னைத் தாண்டிப் போனது. ஃப்ரீவீலோடு செயினையும் நீளமாகப் போட வேண்டும். செயினைப் பல்சக்கரம் மாற்றிப் போடும் பின்புற டீரெய்லர் 34 பல்லைத் தாங்குமா என்பதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

செயினில் நான் விட்ட காசு அதிகம். முதல் செயினை 5,200 கிலோமீட்டர் வரை ஓட்டினேன், அறுகிறவரை ஓடட்டும் என்று. அது அறவில்லை, நீண்டது; நீண்டு பற்களையும் அரித்தது. புதுச் செயின் மாட்டியதும் தேய்ந்த பல்லில் நிற்காமல் வழுக்க, ஃப்ரீவீலும் போச்சு. இப்போது மாதம் ஒருமுறை மகனின் பள்ளிக்கூட ஸ்கேலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறேன். செயினின் ஒரு ஊசியிலிருந்து (pin) இன்னொரு ஊசி வரை 12 இணைப்பு (உள்தகடும் வெளித்தகடும் சேர்ந்தது ஒன்று), சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும். 1/16 அங்குலம் கூடியிருந்தால் செயினை மாற்ற வேண்டிய நேரம். 1/8 என்றால் ஃப்ரீவீலுக்கும் சேர்த்துப் பணம் எடுத்து வையுங்கள்.

டயரை 35 மி.மீ. அகலத்திலிருந்து 38க்கு மாற்றி, காற்றைக் கொஞ்சம் குறைத்தது வேளச்சேரிப் பள்ளங்களுக்கு அந்த சஸ்பென்ஷனைவிட உதவியது. ஜெல் சீட் கவர் வாங்காதீர்கள். முதல் அரை மணி நேரம் சொர்க்கம், அப்புறம் அது புதைந்து வேண்டாத இடத்தில் அழுத்தும். முட்டுக்காடு பாலத்தில் ஆடி மாத மேல்காற்று பக்கவாட்டில் தள்ளுவதற்கு மட்டும் எந்தக் கடையிலும் உதிரிபாகம் கிடையாது.

ஆசை? பிராம்ப்டன் என்கிற மடக்குச் சைக்கிள். அலுவலக நண்பர் ஒருவரிடம் இருக்கிறது. மூன்றாக மடித்து, மின்சார ரயிலில் முழங்காலுக்கு முன்னால் வைத்துக்கொண்டு ஹாயாக உட்கார்ந்து வருகிறார். ஒருநாள் ஓட்டத் தந்தார். 16 அங்குலச் சக்கரம் என்பதால் ரோட்டிலுள்ள ஒவ்வொரு குழியும் தெரிந்தது. ஹேண்டில் லேசாகத் தொட்டாலே திரும்பியது. எல்லாக் குறையும் தெரிந்தும் இறங்க மனம் வரவில்லை. போன வாரம் மறுபடி விலை பார்த்தேன், லட்சத்துக்குக் கீழே இறங்குகிற உத்தேசம் அதற்கு இல்லை. எழுந்து போய் ஒரு புதுச் செயின் வாங்கிவந்தேன், 700 ரூபாய்.