பி.காமா, பி.பி.ஏ.வா? எம்.பி.ஏ. கைகூடாவிட்டால் எது நிற்கும்?

நான் பி.காம் முடித்து, ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்த்துவிட்டுப் பிறகு எம்.பி.ஏ. சேர்ந்தவன். அதனால் சாய்வு பி.காம் பக்கம்தான்.

இரண்டும் மூன்று வருடப் படிப்பு. பட்டம் இருந்தால் போதும் என்கிற வங்கித் தேர்வு, டி.என்.பி.எஸ்.சி. தேர்வுகளுக்கு இரண்டும் ஒன்றுதான். ஐ.ஐ.எம். போன்ற மேலாண்மைக் கல்லூரிகளில் எம்.பி.ஏ. சேர எழுதும் கேட் (CAT) தேர்வும் எந்தப் பட்டம் என்று பார்ப்பதில்லை. இதில் மண்டையைக் குழப்பிக்கொள்ள ஒன்றுமில்லை.

விஷயம் வேறு இடத்தில் இருக்கிறது. பி.பி.ஏ. எடுக்கும் பிள்ளைகளில் பெரும்பாலானோர் அடுத்து எம்.பி.ஏ. என்ற கணக்கில்தான் சேர்கிறார்கள். மேலாண்மைக் கோட்பாடு, மார்க்கெட்டிங், மனிதவளம் என்று மூன்று வருடம் படித்ததெல்லாம் எம்.பி.ஏ. முதல் வருடத்தில் திரும்ப வரும். என் வகுப்பில் பி.பி.ஏ. நண்பர்கள் அந்த வகுப்புகளில் கொட்டாவி விட்டார்கள். என்ஜினீயரிங்கிலிருந்து வந்தவர்கள் பேலன்ஸ் ஷீட்டைப் பார்த்து முழித்தபோது, பி.காம்காரர்களுக்குப் பக்கத்தில் உட்கார போட்டியே நடந்தது!

சரி, எம்.பி.ஏ. நடக்கவில்லை என்று வையுங்கள். வீட்டில் பணமில்லை, கடன் கிடைக்கவில்லை, தமிழ்நாட்டு எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வான டான்செட்டில் மதிப்பெண் வரவில்லை. இருபத்தொரு வயதில் யாரும் மேனேஜர் நாற்காலி போட்டுத் தரமாட்டார்கள். சேல்ஸ், ஆள்சேர்ப்பு, பேக் ஆபீஸ் என்று பி.பி.ஏ.வுக்கு வரும் வேலைகள் வேறு எந்தப் பட்டதாரிக்கும் வருபவைதான். பி.காம் படித்துக் கணக்கு தெரிந்தவருக்கு அப்படியில்லை. பிடித்தம் செய்த வரியான டி.டி.எஸ். கட்ட 7ஆம் தேதி, ஜி.எஸ்.டி.யில் விற்பனை விவரம் தரும் ஜி.எஸ்.டி.ஆர்-1 படிவத்துக்கு 11, ஊழியர் சேமநிதியான பி.எஃப்.புக்கு 15, ஜி.எஸ்.டி. கட்டும் ஜி.எஸ்.டி.ஆர்-3பி படிவத்துக்கு 20 என்று மாதம் முழுக்க ஏதாவது ஒரு கெடு ஓடிக்கொண்டே இருக்கும். திருப்பூர் பனியன் கம்பெனி, சிவகாசி அச்சகம், நாமக்கல் லாரி ஆபீஸ், எங்கே போனாலும் இந்த வேலைக்கு ஆள் வேண்டும். சென்னைக்கு ரயில் ஏற வேண்டியதில்லை.

ஆரம்பச் சம்பளம் குறைவு, அதை மறைக்கவில்லை. பட்டம் வாங்கியதும் டேலி என்கிற கணக்கு மென்பொருள் தானாக வந்துவிடாது. ஆடிட்டர் ஆபீஸில் உட்கார்ந்து பில்லைப் பார்த்து என்ட்ரி போட்டுத்தான் கை பழகும். காலை ஷிப்ட் கல்லூரி என்றால் படிக்கும்போதே மத்தியானம் அதற்குப் போகலாம்.

மேலே படிக்கவும் வழி உண்டு. ஆடிட்டர் ஆவதற்கான சி.ஏ. படிப்பில் முதல் கட்டமான பவுண்டேஷன் எழுதாமல் நேராக அடுத்த கட்டமான இன்டர்மீடியட் போக வணிகவியல் பட்டதாரிக்கு 55 சதவீதம் போதும். மற்ற பட்டதாரிகளுக்கு 60. ஆடிட்டரிடம் எடுக்க வேண்டிய பயிற்சியான ஆர்ட்டிகிள்ஷிப்பும் 2023 முதல் இரண்டு வருடமாகக் குறைந்திருக்கிறது. பிளஸ் டூ வணிகவியல் ஆசிரியர் ஆக ஆசை என்றால் எம்.காம், பி.எட். என்று போகலாம். (விண்ணப்பத்தில் பி.காம் சி.ஏ. என்று இருப்பது கம்ப்யூட்டர் அப்ளிகேஷன். ஆடிட்டர் படிப்பு என்று நினைத்துச் சேர்த்துவிடும் பெற்றோர் இன்னும் இருக்கிறார்கள்.)

கட்டணத்திலும் வித்தியாசம் வரும். பழைய அரசு உதவிபெறும் கல்லூரிகளில் பி.காம் பெரும்பாலும் கட்டணம் குறைவான உதவிபெறும் பிரிவில் இருக்கும், பி.பி.ஏ. சுயநிதியில் இருக்கும்.

பி.பி.ஏ.வுக்கும் பலம் உண்டு. மேடை ஏறிப் பேசுவது, குழு விவாதம், இன்டர்ன்ஷிப் இதிலெல்லாம் அவர்கள் எங்களைவிட நன்றாகத் தேறியிருந்தார்கள். குடும்பத் தொழில் காத்திருக்கும் பிள்ளைக்கு அது தாராளமாகப் பொருந்தும். லாஜிஸ்டிக்ஸ் பிரிவில் படித்தால் தூத்துக்குடி, சென்னைத் துறைமுகம் பக்கம் வேலை கிடைக்கிறது என்கிறார்கள். இது காதில் விழுந்தது மட்டுமே, நேரில் பார்த்ததில்லை. இந்தூர் ஐ.ஐ.எம். 2011இல் தொடங்கிய, இளநிலையோடு எம்.பி.ஏ.வும் சேர்ந்த ஐந்து வருட ஒருங்கிணைந்த படிப்பில் இடம் கிடைத்தால் இந்த அலசலே தேவையில்லை, கண்ணை மூடிக்கொண்டு சேருங்கள்.

பி.பி.ஏ.தான் என்று முடிவெடுத்துவிட்டால் இரண்டு விஷயம் பாருங்கள். 2024-25 முதல் இந்தப் படிப்பு அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ. வரம்புக்குள் வந்துவிட்டது, கல்லூரிக்கு அந்த அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள். பிறகு பாடத்திட்டத்தை வாங்கி, அடக்கவிலைக் கணக்கு, வருமான வரி, ஜி.எஸ்.டி. தாள்கள் எத்தனை என்று எண்ணுங்கள். மூன்றும் இருந்தால் நான் மேலே சொன்னதில் பாதியைத் தள்ளிவிடலாம்.