"எப்ப ஃப்ளைட் சார்?"

தாலுகா ஆபீஸ் எதிரே உள்ள ஜெராக்ஸ் கடையில் முதல் கேள்வி இதுதான். சர்வே நம்பரெல்லாம் அப்புறம். வெளிநாட்டிலிருந்து மூன்று வார லீவில் வந்தவர் என்று தெரிந்தால் லஞ்ச ரேட் அங்கேயே முடிவாகிவிடும். திரும்பும் தேதி நெருங்க நெருங்க ஏறும்.

விஷயம் பட்டா மாறுதல். வில்லங்கம், சிட்டா, புல வரைபடம் எல்லாவற்றையும் இன்று சிங்கப்பூரில் இருந்தபடியே எடுக்கலாம், மனுவும் ஆன்லைன். அடங்கல் நகலுக்காக வி.ஏ.ஓ.வைத் தேடி டீக்கடை டீக்கடையாக அலைந்த தலைமுறைக்கு இது அதிசயம்தான். முழுப் புலமும் ஒருவர் பெயருக்குப் போனால் பெரும்பாலும் சிக்கலில்லை. கூட்டுப் பட்டாவில் ஒரு பங்கைப் பிரித்து, 112/3 என்பது 112/3ஏ, 112/3பி ஆக வேண்டுமென்றால் சர்வேயர் நேரில் வந்து அளக்க வேண்டும். கம்ப்யூட்டருக்கு வெளியே நடக்கிற அந்தப் படியில்தான் அடைப்பு.

யாரும் "முடியாது" என்று சொல்வதில்லை. "சர்வேயர் கூடுதல் பொறுப்பு பாக்குறார்", "பக்கத்து நிலத்துக்காரருக்கு நோட்டீஸ் போகல" என்று நாள் ஓடும். உட்பிரிவுக்கு 30 நாள் கெடு. அது முடிகிற நேரத்தில் "புல ஆய்வுக்கு மனுதாரர் வரவில்லை" என்று ஒரு வரி, மனு தள்ளுபடி. ஆபீஸ் கணக்கில் நிலுவை குறைந்தது. மனுதாரர் மறுபடி முதலிலிருந்து.

லஞ்சம் சக்கரத்துக்குப் போடும் மசகு என்று 1960-களில் அமெரிக்க ஆய்வாளர்கள் சிலர் வாதிட்டார்கள். காசு வருமென்று தெரிந்தால் அதிகாரி வேண்டுமென்றே இழுத்தடிப்பார் என்று சுவீடன் பொருளாதார அறிஞர் குன்னார் மிர்தால் 1968-லேயே மறுத்தார். ஜெராக்ஸ் கடைக்காரர் அவர் கட்சி.

கவரில் போகும் பணம் கை மாறுகிறது, அவ்வளவுதான். பெரிய நட்டம் நிலம் முடங்கிக் கிடப்பது. தனிப்பட்டா இல்லாத பங்குக்கு வங்கி கடன் தரத் தயங்கும், வீடு கட்ட அனுமதி இழுபடும், விதைப்புக்குப் பணம் தேவைப்படுகிறவர் கந்துவட்டிக்குப் போவார். இதில் வெளிநாட்டில் வேலை செய்யும் நம்மவர்களின் பங்கு சின்னதில்லை. டாலரில் கணக்குப் போட்டு "போனால் போகட்டும்" என்று கொடுத்துவிட்டு விமானம் ஏறுகிறோம். அந்த ரேட்டை அடுத்த வாரம் கடலை விவசாயியிடம் கேட்கிறார்கள்.

சிங்கப்பூரில் எல்லோரும் யோக்கியர்கள் என்றில்லை. முன்னாள் அமைச்சர் ஈஸ்வரனே அன்பளிப்பு வாங்கிய வழக்கில் 2024-ல் 12 மாதத் தண்டனை பெற்றார். ஆனால் தாமதத்தை விற்கும் கடை அங்கே இல்லை.

ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுப்பவரும் குற்றவாளி. கட்டாயத்தால் கொடுத்து 7 நாளுக்குள் புகார் செய்தவருக்கும், முன்கூட்டியே தகவல் சொல்லிவிட்டுக் கொடுப்பவருக்கும் விலக்கு. லஞ்ச ஒழிப்புத் துறையிடம் போனால் நோட்டில் பினாப்தலீன் தடவித் தருவார்கள். வாங்கிய விரலைச் சோடியம் கார்பனேட் கரைசலில் முக்கினால் இளஞ்சிவப்பு. பிறகு வருடக்கணக்கில் சாட்சிக் கூண்டு. அதற்கு லீவு கிடைக்காது என்பது லஞ்சம் கேட்பவர்களுக்கும் தெரியும்.

இந்தியப் பாஸ்போர்ட் கையிலிருந்தால் 10 ரூபாயில் தகவல் உரிமைச் சட்டப்படி மனு (ஆர்.டி.ஐ.) போடலாம். "ஏன் தாமதம்?" என்று கேட்டால் மழுப்பல்தான் வரும். மனு எண்ணைக் குறிப்பிட்டு, எந்தத் தேதியில் யார் மேஜையில் இருந்தது, புல ஆய்வு நோட்டீஸ் எந்தத் தேதியில் சார்வு செய்யப்பட்டது (அதாவது, உரியவரிடம் கொடுக்கப்பட்டது), அதன் நகல் ஒன்று என்று கேளுங்கள். அனுப்பாத நோட்டீஸுக்கு நகல் கிடையாது. தள்ளுபடி உத்தரவை எதிர்த்துக் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யும்போது அந்தப் பதில்தான் துருப்பு.

அதைவிட நல்லது, கிளம்புவதற்கு முன்பே தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கி ஊர்க்காரர் ஒருவருக்குப் பவர் பத்திரம் அனுப்பிவிடுவது. பத்திரம் இந்தியா வந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும்; இதைத் தவறவிட்டவர்கள் நிறைய. பவர் வாங்கியவர் உள்ளூரிலேயே இருப்பவர். அவரிடம் ஃப்ளைட் தேதி கேட்க முடியாது.